மூன்று வருட உழைப்பு, மூன்று நிமிடப் பார்வை!

மாநாட்டுப் போஸ்டரை நின்று படிக்க வைப்பது எப்படி?

பெரிய மருத்துவ மாநாடு எதிலாவது மதிய உணவு நேரத்தில் போஸ்டர் அரங்குக்குள் போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வு. பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளம் மருத்துவர் நிற்கிறார். எதிரே பேராசிரியர்களும் மூத்த மருத்துவர்களும் நடந்துபோகிறார்கள். தலைப்பின் மேல் ஒரு பார்வை, படத்தின் மேல் ஒரு பார்வை, அவ்வளவுதான். கால்கள் அடுத்த பலகைக்குப் போய்விடுகின்றன.

அந்தப் பலகையில் இருப்பது சாதாரண விஷயமல்ல. நோயாளிகளிடம் பொறுமையாகக் கேட்டு, பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, இரவுப் பணி முடிந்த பிறகு எக்செல் ஷீட்டில் எண்களை நிரப்பி, கைடிடம் திரும்பத் திரும்பத் திருத்தம் வாங்கிச் செய்த உழைப்பு. அது படிக்கப்படாமல் போனால், பல நேரங்களில் குறை ஆய்வில் இல்லை. சொன்ன விதத்தில் இருக்கிறது. கற்றுக்கொண்டால் தீர்ந்துபோகும் குறை அது.

மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு இது தேர்வோடு பிணைந்த விஷயமும்கூட. போஸ்டர் ஒன்று வைக்க வேண்டும், மாநாட்டில் கட்டுரை ஒன்று வாசிக்க வேண்டும், ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிரசுரத்துக்கு அனுப்ப வேண்டும். அப்போதுதான் இறுதித் தேர்வு எழுதலாம் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் முதுநிலைக் கல்வி விதிமுறைகள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. அதன் பலனாக ஆயிரக்கணக்கான மாணவர்கள் போஸ்டர் செய்தார்கள். கூடவே, ‘சர்டிஃபிகேட் கிடைத்தால் போதும்’ என்கிற மனநிலையும் வளர்ந்தது. அந்த மனநிலையால் வீணாவது மாணவரின் உழைப்பு மட்டுமல்ல, தங்கள் உடம்பைப் பற்றிய தகவல்களை நம்பிக் கொடுத்த நோயாளிகளின் ஒத்துழைப்பும்தான்.

மேடை போதாமல் வந்த வடிவம்

அறிவியல் மாநாடுகளில் போஸ்டர் அமர்வுக்கு வயது அரை நூற்றாண்டுக்குச் சற்று அதிகம். 1969-ல் ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகரில் நடந்த ஐரோப்பிய உயிர்வேதியியல் சங்கங்களின் மாநாட்டிலும், 1974-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்த உயிர்வேதியியல், உயிர்இயற்பியல் மாநாட்டிலும் இந்த முறை அறிமுகமானது. காரணம் எளிமையானது. ஆய்வுகள் பெருகின, மேடையும் நேரமும் பெருகவில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் மாநாடு மாதக்கணக்கில் நீளும். எனவே, ‘உங்கள் ஆய்வைப் பலகையில் ஒட்டுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், ஆர்வமுள்ளவர்கள் வந்து பேசுவார்கள்’ என்றார்கள்.

இதில் ஒரு நன்மை தானாகவே சேர்ந்துகொண்டது. மேடையில் பேசுபவர் நூறு பேரைப் பார்த்து ஒரே உரையை நிகழ்த்துகிறார். போஸ்டர் முன்னால் நிற்பவரோ, வந்து நிற்கிற ஒவ்வொருவரோடும் அவரவர் கேள்விக்கு ஏற்பப் பேச முடிகிறது. அதே நோயைப் பற்றி வேறு ஊரில் ஆய்வு செய்பவர், புள்ளியியல் தெரிந்தவர், அடுத்து வேலை கொடுக்கப்போகிற துறைத் தலைவர் என யாரும் வந்து நிற்கலாம். போஸ்டரின் வேலை அந்தப் பேச்சைத் தொடங்கிவைப்பது. ஆய்வு முழுவதையும் ஒப்பிப்பது அதன் வேலையல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபமாகிவிடும்.

இதை இன்னும் அழுத்திச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறது. மாநாடுகளில் சுருக்கமாக வெளியான ஆய்வுகளில் எத்தனை பின்னர் முழுக் கட்டுரையாகப் பிரசுரமாகின்றன என்பதை 2018-ல் வெளியான காக்ரேன் மீளாய்வு தொகுத்துப் பார்த்தது. 3 லட்சத்துக்கும் அதிகமான சுருக்கங்களை உள்ளடக்கிய அந்தத் தொகுப்பில், முழுக் கட்டுரையாக வெளிவந்தவை சுமார் 37 சதவீதம்தான். மீதி ஆய்வுகளுக்கு அந்த மாநாடுதான் முதல் மேடை, அதுவே கடைசி மேடையும். அங்கே யாரும் நின்று கேட்கவில்லை என்றால், அந்த ஆய்வு நடந்ததே உலகத்துக்குத் தெரியாது.

முதலில் ஒரு வாக்கியம்

பெரும்பாலானவர்கள் போஸ்டர் வேலையை எங்கே தொடங்குகிறார்கள்? சீனியர் அனுப்பிய பழைய பவர்பாயின்ட் கோப்பைத் திறந்து, தீசிஸிலிருந்து பத்திகளை வெட்டி ஒட்டுவதில். அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. கணினியைத் திறப்பதற்கு முன், ஒரு வெள்ளைத் தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘நான் கண்டுபிடித்தது என்ன?’

நம் ஊர்ப் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் நாளிதழ் போஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும் பேருந்தில் இருப்பவருக்கும் அது செய்தியைச் சொல்லிவிடுகிறது. விவரம் வேண்டுமென்றால் அவர் இறங்கிவந்து பத்திரிகையை வாங்குகிறார். ஆய்வுப் போஸ்டரின் தலைப்பும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கற்பனையாக ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் பாம்புக்கடிக்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வு செய்கிறார். வழக்கமான தலைப்பு இப்படி இருக்கும்: ‘மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பாம்புக்கடி நோயாளிகளின் மருத்துவ விவரங்களும் விளைவுகளும்: ஒரு பின்னோக்கு ஆய்வு.’ இதைப் படித்தவருக்கு என்ன தெரிந்தது? ஆய்வு நடந்தது என்பது தெரிந்தது. முடிவு தெரியவில்லை. இப்போது இதைப் பாருங்கள்: ‘கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மருத்துவமனையில் கூடுதல் நாட்கள் தங்க நேர்ந்தது.’ அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் நிற்பார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்தவர் நிற்பார். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டுவது கூடாது என்று வழிகாட்டு நெறிமுறைகள் சொல்லியும் ஊரில் கட்டிக்கொண்டுதானே வருகிறார்கள் என்று பேச்சு தொடங்கும்.

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை. முடிவைத் தலைப்பில் சொல்லலாம்; முடிவை மிஞ்சிச் சொல்லக் கூடாது. ‘கட்டியதால் கூடுதல் நாட்கள் தங்கினார்கள்’ என்று எழுதிவிட்டால் அது வேறு ஆய்வாகிவிடும். கட்டிக்கொண்டு வந்தவர்கள் தொலைதூரக் கிராமங்களிலிருந்து தாமதமாக வந்தவர்களாக இருக்கலாம். அந்தத் தாமதமே காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதற்கும், ஒன்றால் மற்றொன்று வந்தது என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. கண்ணைக் கவரும் தலைப்புக்காக அந்தத் தூரத்தைத் தாண்டினால், கேள்வி கேட்கும் முதல் பேராசிரியரிடமே நம்பகத்தன்மை போய்விடும்.

வாக்கியம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் வார்டில் பணிபுரியும் செவிலியரிடம் அதைச் சொல்லுங்கள். ‘சரி, அதனால என்ன பண்ணணும்?’ என்று அவர் கேட்டால் வாக்கியம் பலித்துவிட்டது. ‘புரியலையே டாக்டர்’ என்றால் திரும்ப எழுதுங்கள்.

மாரிசன் கிளப்பிய விவாதம்

இந்த ‘ஒரே வாக்கியம்’ என்ற கருத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் மைக் மாரிசன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், 2019-ல் யூடியூபில் ஒரு கார்ட்டூன் காணொளி வெளியிட்டார். போஸ்டர் அரங்கில் நடப்பவர் நின்று படிப்பது மிகச் சில போஸ்டர்களைத்தான்; எனவே நடந்துகொண்டே படிக்கும்படி போஸ்டர் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் கொடுத்த வடிவமைப்பில், நடுவில் பெரிய இடம் முழுக்க முக்கியக் கண்டுபிடிப்பு எளிய மொழியில், பெரிய எழுத்தில் இருக்கும். இடது ஓரத்தில் ஆய்வின் சுருக்கம். வலது ஓரத்தில், கேள்வி வரும்போது காட்டுவதற்கான படங்களும் அட்டவணைகளும். முழுக் கட்டுரையைத் தரவிறக்க ஒரு க்யூஆர் கோடு. மாதிரிக் கோப்பை இலவசமாகவே கொடுத்தார். சில மாதங்களிலேயே பல நாட்டு மாநாடுகளில் அந்த வடிவம் தென்படத் தொடங்கியது.

எதிர்ப்பும் வந்தது. நடுப்பகுதி முழுவதையும் ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்தால் தரவுகளுக்கு எங்கே இடம், படம்தான் ஆய்வின் உயிர் என்னும் துறைகளுக்கு இது பொருந்துமா, எல்லாப் போஸ்டரும் ஒரே அச்சில் வந்தால் எது கண்ணில் படும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். தோல் நோய்த் துறையில் ஒரு புகைப்படம் ஆயிரம் சொல்லும். அங்கே வாக்கியத்தைவிடப் படத்துக்குத்தான் நடு இடம் கொடுக்க வேண்டும்.

என் கருத்து இது: மாரிசனின் கட்டங்களை அப்படியே எடுக்க வேண்டியதில்லை, அவர் வைத்த முன்னுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிய முடிவு பெரிதாக, எளிதாக, மேலே இருக்கட்டும். அதற்குச் சான்றான ஒரு நல்ல படம் அதன் கீழேயே இருக்கட்டும். மற்றவை எல்லாம் அந்த இரண்டுக்கும் துணை.

எதை வைப்பது, எதை எடுப்பது?

ஒரு போஸ்டருக்கு 300 முதல் 500 சொற்கள் போதும். ‘அது எப்படிப் போதும்?’ என்று தோன்றும். நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஏன் செய்தோம்? இரண்டு மூன்று வாக்கியங்கள். எப்படிச் செய்தோம்? எங்கே, எந்தக் காலத்தில், எத்தனை பேர், எதை அளந்தோம். இதை ஒரு சின்ன வரைபடமாகவே காட்டிவிடலாம். என்ன கண்டோம்? போஸ்டரின் பாதி இடம் இதற்குத்தான். இதனால் என்ன? நடைமுறையில் என்ன மாற வேண்டும், இந்த ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதற்கு நான்கைந்து வரிகள்.

அப்ஸ்ட்ராக்டை அப்படியே போஸ்டரில் ஒட்ட வேண்டாம். போஸ்டரே ஒரு சுருக்கம்தானே. சுருக்கத்துக்குள் இன்னொரு சுருக்கம் எதற்கு? மேற்கோள் நூல்கள் மூன்றிலிருந்து ஐந்து போதும். கல்லூரிச் சின்னம் ஒரு மூலையில் ஒரு முறை வந்தால் போதும். ஆசிரியர் பெயர்களோடு பட்டங்களையும் பதவிகளையும் முழுநீளத்துக்கு அடுக்கினால் தலைப்புக்கான இடம் போய்விடும். அதேசமயம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, நிதி உதவி, தொடர்பு மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் விடக் கூடாது. தரவு சேகரிக்க உதவிய செவிலியருக்கும் களப்பணியாளருக்கும் ஒரு வரி நன்றி எழுத மறக்காதீர்கள். பல ஆய்வுகள் அவர்கள் கையில்தான் நடக்கின்றன.

மருத்துவ மாநாடுகளில் பாதிப் போஸ்டர்கள் ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட்டாக இருப்பதுண்டு. அதற்கு வேறு ஒழுங்கு வேண்டும். நோயாளி எப்படி வந்தார், எங்கே நாம் குழம்பினோம், எது குழப்பத்தை அவிழ்த்தது, அடுத்த நோயாளிக்கு இதிலிருந்து என்ன பாடம் என்ற வரிசையில் சொல்லுங்கள். கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென்றே 2013-ல் வெளியான ‘கேர்’ வழிகாட்டுதல்கள் உண்டு. அவை வலியுறுத்தும் காலக்கோடு போஸ்டருக்கு மிகவும் ஏற்றது. நாள் வாரியாக என்ன நடந்தது என்பதை ஒரு நேர்க்கோட்டில் காட்டிவிட்டால் இரண்டு பத்தி மிச்சம்.

இன்னொன்று: மாநாட்டுக்கு அனுப்பிய அப்ஸ்ட்ராக்டில் இருந்த எண்களும் போஸ்டரில் உள்ள எண்களும் ஒத்துப்போக வேண்டும். இடையில் புது நோயாளிகள் சேர்ந்து எண் மாறியிருந்தால் அதை வெளிப்படையாக ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கேள்வி வரும்முன் நாமே சொல்வதுதான் நேர்மை.

எழுத்தின் அளவு

பார்வையாளர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்கிறார். தலைப்பை நான்கைந்து மீட்டருக்கு அப்பாலிருந்தே பார்க்கிறார். 841-க்கு 1189 மில்லிமீட்டர் உள்ள ஏ-0 அளவுப் போஸ்டரில் தலைப்பு 90 பாயின்டுக்குக் குறையக் கூடாது. அதாவது எழுத்தின் உயரம் சுமார் 3 சென்டிமீட்டர். துணைத் தலைப்புகள் 45 முதல் 60 பாயின்ட், உள்ளடக்கம் 28 முதல் 36 பாயின்ட், படக்குறிப்பு 24 பாயின்ட் இருக்கட்டும்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி: போஸ்டரை ஒரு ஏ-4 தாளில் அச்செடுங்கள். ஏ-4 தாளின் நீள அகலத்தை நான்கு மடங்காக்கினால் ஏ-0. அந்தத் தாளைக் கையில் சாதாரணமாகப் பிடித்துப் படிக்க முடிந்தால் அரங்கிலும் படிக்கலாம். கண்ணுக்கருகே கொண்டுபோக வேண்டியிருந்தால் எழுத்து சிறியது; அல்லது சொற்கள் அதிகம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வலமிடம் இரண்டு பக்கமும் நேராக வெட்டியதுபோல் வரிகளை இழுக்காதீர்கள். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். சொற்கள் நீளமான தமிழில், குறுகிய பத்திக்குள் இரு பக்கமும் இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். மூன்று பத்திகளாகப் பிரித்து, மேலிருந்து கீழாகப் படிக்கும்படி அமைத்தால் யாருக்கும் குழப்பம் வராது. முக்கியமான படம் கண் மட்டத்தில் இருக்கட்டும். பலகையின் அடிப்பகுதியைக் குனிந்து படிப்பவர் அரிது. மேற்கோள்களும் நன்றியும் அங்கே போகலாம். சுற்றிலும் வெற்றிடம் விடத் தயங்க வேண்டாம். கண்ணுக்கு அது ஓய்வு.

படமும் வண்ணமும்

அட்டவணையில் பன்னிரண்டு வரிசைகளும் எட்டுப் பத்திகளும் இருந்தால் நின்று படிக்க யாராலும் முடியாது. ஒரு போஸ்டருக்கு இரண்டு அல்லது மூன்று படங்கள் போதும். ஒவ்வொரு படத்துக்கும் மேலே, அந்தப் படம் சொல்லும் முடிவையே தலைப்பாக எழுதுங்கள். ‘படம் 2: மருத்துவமனையில் தங்கிய நாட்கள்’ என்பதைவிட ‘கட்டிக்கொண்டு வந்தவர்கள் கூடுதல் நாட்கள் தங்கினர்’ என்பது மேல். எந்தக் கோடு எந்தக் குழு என்று மூலையில் தனிப் பெட்டி போடாமல் கோட்டின் பக்கத்திலேயே பெயரை எழுதிவிடுங்கள். முப்பரிமாணத் தூண்களும் சாய்ந்த வட்டப்படங்களும் அளவைத் திரித்துக் காட்டும், அவற்றைத் தவிருங்கள். சதவீதம் எழுதும்போது எத்தனை பேரில் என்பதையும் எழுதுங்கள். நான்கு பேரில் மூன்று பேர் என்பதை ‘75 சதவீதம்’ என்று மட்டும் எழுதுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

வண்ணம் தேர்வதில் கவனம் வேண்டும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உண்டு. மற்ற மக்களில் விகிதம் குறைவு என்றாலும், எந்த அரங்கிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். ‘நல்லது பச்சை, கெட்டது சிவப்பு’ என்று படம் வரைந்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஜப்பானிய விஞ்ஞானிகளான மசாதாகா ஒகாபேயும் கெய் இட்டோவும் வண்ணப் பார்வைக் குறைபாடு உடையவர்கள். எல்லோராலும் பிரித்தறியக்கூடிய எட்டு வண்ணங்களின் தொகுப்பை அவர்கள் உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். சுலபமாக நினைவில் வைக்க வேண்டுமானால், நீலமும் ஆரஞ்சும் நல்ல ஜோடி. வண்ணத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள்: ஒரு குழுவுக்கு வட்டம், இன்னொன்றுக்கு முக்கோணம். பின்னணி வெள்ளையாகவோ மிக வெளிறிய நிறமாகவோ இருக்கட்டும். மருத்துவமனைக் கட்டடத்தின் புகைப்படத்தைப் பின்னணியாக வைத்து அதன்மேல் எழுத்தை ஓட்டுவது வேண்டாம்.

நோயாளியின் படம்

இது அழகு சார்ந்த விஷயமல்ல, அறம் சார்ந்தது. நோயாளியின் படத்தைப் போஸ்டரில் வைக்க எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். சிகிச்சைக்குக் கையெழுத்திட்டது இதற்குச் செல்லாது. மாநாட்டில் பலர் பார்ப்பார்கள், இணையத்திலும் வரலாம் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். கண்களின்மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. அது போதாது என்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே சொல்லியிருக்கிறது. எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களின் ஓரத்தில் இருக்கும் பெயர், மருத்துவமனை எண், தேதி ஆகியவற்றை மூடி மறைக்காமல் வெட்டியே எடுத்துவிடுங்கள். மூடியதைச் சில மென்பொருள்களில் மறுபடி விலக்கிப் பார்க்க முடியும். அரங்குக்கு வருபவர்கள் செல்போனில் படமெடுப்பார்கள். அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அச்சுக் கடைக்குப் போகும் முன்

முதலில் மாநாட்டு அறிவிப்பை ஒழுங்காகப் படியுங்கள். பலகை நெட்டுவாக்கா, கிடைவாக்கா? அளவு என்ன? கிடைவாக்கில் அடித்து எடுத்துப்போன போஸ்டர் நெட்டுவாக்குப் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

பவர்பாயின்டில் செய்வதாக இருந்தால் எழுதத் தொடங்கும் முன்பே ஸ்லைடின் அளவை மாற்றிவிடுங்கள். சாதாரண ஸ்லைடில் செய்துவிட்டுக் கடையில் பெரிதாக்கச் சொன்னால் படங்கள் கலங்கிப்போகும். அச்சில் 30 சென்டிமீட்டர் அகலம் வரப்போகும் படத்துக்குக் குறைந்தது 1,800 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படங்களை நம்ப வேண்டாம். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்புபவரிடம் ‘டாக்குமென்டாக அனுப்புங்கள்’ என்று கேளுங்கள்.

கடைக்குக் கொடுக்க வேண்டியது பிடிஎஃப் கோப்பு. பவர்பாயின்ட் கோப்பைக் கொடுத்தால் அங்கே அந்த எழுத்துரு இருக்காது, வரிகள் இடம் மாறும். தமிழில் செய்திருந்தால் இன்னும் கவனம் தேவை. யூனிகோடு எழுத்துருவில் அடித்து, நீங்களே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். கடையின் பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பும் காலும் கழன்று தனித்தனியாக நிற்கும். திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் அச்சில் மங்கலாக வரலாம். ஒரு சின்னத் துண்டை மட்டும் முதலில் அச்செடுத்துப் பாருங்கள்.

ஃப்ளெக்ஸ் மலிவு, ஈரம் தாங்கும். ஆனால் பளபளப்பில் விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாமல் போகும். மடித்தால் விழும் மடிப்பும் போகாது. பளபளப்பில்லாத மேட் தாள் கண்ணுக்கு இதம். துணியில் அச்சிட்டால் பெட்டிக்குள் மடித்து வைத்து ரயிலில் கொண்டுபோகலாம். எதுவானாலும், ஒரு பிரதியைப் பென்டிரைவிலும் இன்னொன்றை மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். இருபக்க டேப்பும் குண்டூசிகளும் பையில் இருக்கட்டும்.

க்யூஆர் கோடு வைப்பதாக இருந்தால் குறைந்தது 5 சென்டிமீட்டர் அகலம் கொடுங்கள். அச்சான பிறகு உங்கள் செல்போனிலும் நண்பர் செல்போனிலும் திறந்து பாருங்கள். சில இலவசச் சேவைகள் தரும் கோடுகள் சில நாட்களில் காலாவதியாகிவிடும்.

கொரோனா காலத்துக்குப் பிறகு பல மாநாடுகளில் இ-போஸ்டர் வந்துவிட்டது. அங்கே பலகைக்குப் பதில் அகலத் திரை. ஏ-0 போஸ்டரை அப்படியே திரையில் போட்டால் எறும்புக் கூட்டம்தான் தெரியும். திரையின் அகலத்துக்கேற்ப மறுபடி வடிவமைத்து, சொற்களைப் பாதியாகக் குறைப்பதே வழி. அங்கே பேசக் கிடைக்கும் நேரமும் சில நிமிடங்கள்தான். முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட வேண்டும்.

பலகைக்குப் பக்கத்தில்

போஸ்டரை ஒட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடாதீர்கள். போஸ்டருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஒருவர் வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பிக்கத் தொடங்க வேண்டாம். சில நொடிகள் படிக்க விடுங்கள். பிறகு, ‘வணக்கம் சார், நீங்க எந்தத் துறை?’ என்று கேளுங்கள். பதிலைப் பொறுத்து உங்கள் பேச்சு மாறும். அவர் அதே துறைக்காரர் என்றால் நேராக முடிவுக்குப் போகலாம். வேறு துறை என்றால் ஏன் இந்த ஆய்வு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நிமிடத்தில் சொல்வதற்கு ஒன்று, மூன்று நிமிடத்தில் சொல்வதற்கு ஒன்று என இரண்டு வடிவங்களை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் கேட்பது மூன்று கேள்விகளைத்தான். இதில் புதிது என்ன? இத்தனை பேர் போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இதன் குறை என்ன? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர்மீது மதிப்பு கூடும். தெரியாத கேள்வி வந்தால், ‘அதை நாங்க பார்க்கலை மேடம், நல்ல யோசனை, குறிச்சுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு உண்மையாகவே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகள்தான் முழுக் கட்டுரைக்கு அடுத்த படி.

மாநாடு முடிந்ததும் போஸ்டரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட வேண்டாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் ஜெனோடோ போன்ற இலவசத் தளங்களில் ஏற்றினால் அதற்கென நிரந்தர அடையாள எண் கிடைக்கும். மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். போஸ்டராக வைத்ததை முன்பிரசுரமாகக் கருதுவதில்லை என்பதே மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த பொது நிலை. ஆயினும் இணையத்தில் ஏற்றுவதற்கு முன், நீங்கள் அனுப்ப நினைக்கும் இதழின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கருவியோ மருந்தோ கண்டுபிடித்திருந்தால், போஸ்டர் வைப்பதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்தாக வேண்டும். பொதுவெளியில் காட்டிய பிறகு புதுமை என்று உரிமை கோருவது கடினம்.

கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள்

இந்தத் திறன் பள்ளியிலேயே தொடங்கலாம். 1993 முதல் நாடு முழுவதும் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுக் குழந்தைகள் தங்கள் ஊர்ப் பிரச்னையை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கையும் படங்களும் வைத்துப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் பணியில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பங்கு பெரிது. குளத்து நீரை ஆராய்ந்த ஒரு சிறுமியால் தான் கண்டதைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. அதே சிறுமி மருத்துவரான பிறகு, தன் ஆய்வைக் கடினமான சொற்களுக்குப் பின்னால் மறைத்துவைக்கப் பழகிவிடுகிறாள் என்றால், இடையில் நம் கல்வி எதையோ பறித்திருக்கிறது.

எனவே என் வேண்டுகோள் மாணவர்களுக்கு மட்டுமல்ல. கைடுகளே, மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு துறைக்குள் ஒரு ஒத்திகை வையுங்கள். போஸ்டரை ஏ-4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, மாணவரை நிற்கவைத்து, செவிலியர்களையும் இளநிலை மாணவர்களையும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். மாநாட்டு அமைப்பாளர்களே, போஸ்டர் நேரத்தை மதிய உணவோடு முட்டவிடாதீர்கள். பலகைகளுக்கிடையே இரண்டு பேர் நின்று பேச இடம் விடுங்கள். மதிப்பீட்டாளர்கள் நின்று கேட்க நேரம் ஒதுக்குங்கள். போஸ்டரைக் கட்டாயமாக்குகிற கல்லூரி, அதைச் செய்யும் முறையையும் சொல்லித்தர வேண்டும். முதலாண்டிலேயே இதற்கென ஒரு வகுப்பு வையுங்கள்.